2012 இன்னோவா, 2.64 லட்சம் கிலோமீட்டர்: எடுக்கலாமா?

சிறுமலை_அடிவாரம்:

எல்லோருக்கும் வணக்கம். நான் திண்டுக்கல் பக்கம். வீட்டில் ஏழு பேர். அம்மாவுக்கு முட்டி வலி இருப்பதால் தாழ்வான காரில் குனிந்து இறங்கி உட்கார முடிவதில்லை. இப்போது ஒரு பழைய வேகன்ஆர் இருக்கிறது. குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பினால் ரெண்டு பேர் பஸ்ஸில்தான் வருகிறோம்.

ஒட்டன்சத்திரத்தில் ஒரு இன்னோவா பார்த்து வைத்திருக்கிறேன். 2.5 டீசல், மார்ச் 2012 பதிவு, ஓன் போர்டு (சொந்த உபயோகப் பதிவு), வெள்ளை, இரண்டாவது ஓனர். காய்கறி மண்டி வைத்திருப்பவர். மண்டி வேலையாக மதுரை, கோயம்புத்தூர், ஓசூர் என்று அலைந்த வண்டி. மீட்டர் 2,64,000. 1.8 லட்சம் வரை கம்பெனி சர்வீஸ், அதற்குப் பிறகு வெளி மெக்கானிக். பில் கேட்டால் கொஞ்சம் இருக்கிறது, கொஞ்சம் இல்லை என்கிறார். ஆறே முக்கால் லட்சம் கேட்கிறார்.

இதே நேரத்தில் டவுனில் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில் 2011 இன்னோவா நிற்கிறது. மீட்டரில் வெறும் 98,000. பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருக்கிறது, சீட் கவர் புதுசு. விலை ஏழு தொண்ணூறு. டாக்டர் வீட்டு வண்டி, வீட்டை விட்டு அதிகம் வெளியே எடுத்ததே இல்லை என்று சொன்னார்கள். என் மச்சான் "ரெண்டரை லட்சம் ஓடின வண்டியை எவனாவது எடுப்பானா, ஒரு லட்சம் சேர்த்துப் போட்டு இதை எடு" என்கிறார்.

மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுவோம். பழனி, மதுரை, வருஷத்துக்கு ரெண்டு தடவை கொடைக்கானல். மொத்தமாக எட்டு லட்சத்துக்கு மேல் என்னிடம் வழி இல்லை. இவ்வளவு ஓடின வண்டியை எடுக்கலாமா? எடுப்பதாக இருந்தால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? வைத்து ஓட்ட மாதம் எவ்வளவு ஆகும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

ஊர்சுற்றி:

ரெண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. மார்ச் 2012 பதிவு என்றால் மார்ச் 2027-இல் ஆர்சி முடிகிறது. அதற்குப் பிறகு எஃப்சி (வண்டி தகுதிச் சோதனை) காட்டி ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஒரு கட்டணம், அது போகப் பசுமை வரி. பணம்கூடப் பரவாயில்லை. எஃப்சிக்கு நிறுத்துவதற்கு முன்னால் டிங்கரிங், லைட், புகை என்று ஒவ்வொன்றாகச் சரி செய்து நிறுத்த வேண்டும், அதுதான் அலைச்சல்.

எட்டு லட்சத்துக்கு 2018, 2019 பெட்ரோல் எர்டிகா கிடைக்கும். ஏழு சீட், மைலேஜும் கூட. டீசலே இல்லாமல் நிம்மதியாக இருக்கலாம். டெல்லியில் பத்து வருஷ டீசல் வண்டியை ரோட்டில் விடமாட்டேன் என்றார்கள். நாளைக்கு இங்கே வராது என்று யார் கண்டது?

---

டிராவல்ஸ்_கோபி:

தம்பி, நான் கோபிசெட்டிபாளையத்தில் டிராவல்ஸ் வைத்து ஓட்டியவன். குவாலிஸில் தொடங்கி, 2005-இல் அது நின்று இன்னோவா வந்ததும் அதற்கு மாறினேன். கார்த்திகை, மார்கழி ரெண்டு மாதமும் சபரிமலை டிரிப், மற்ற நாளில் திருப்பதி, நவக்கிரகம், அறுபடை வீடு, கல்யாண வீடு. இப்போது டி போர்டு (வாடகை) வண்டிகளையெல்லாம் கொடுத்துவிட்டு வீட்டுக்கென்று ஒரு 2010 மட்டும் வைத்திருக்கிறேன். நாலு லட்சம் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் ஊர்சுற்றி சாருக்கு. அந்தப் பத்து வருஷக் கணக்கு டெல்லி சுற்றுவட்டாரத்துக்கானது. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று கிடையாது. எர்டிகா நல்ல வண்டிதான். ஆனால் முட்டி வலி உள்ள அம்மா நடு சீட்டில் காலை நீட்டி உட்கார வேண்டாமா? பின்னால் உட்காருகிறவனுக்கு இடம் விட நடு சீட்டை முன்னே தள்ளினால் எர்டிகாவில் அந்தக் கால் எங்கே போகும்? அதனால் இன்னோவாவையே பேசுவோம்.

மச்சான் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். 2.64 லட்சம் என்று ஒருவர் வாயால் சொல்கிறார் என்றால் பேச்சுவார்த்தை அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், வருஷத்துக்கு இருபதாயிரத்துக்குள்தான் வருகிறது, அதுவும் ஹைவேயில் ஓடியது. இந்த 2494 சிசி டீசல் இன்ஜினுக்கு 102 குதிரைத்திறன்தான். அவ்வளவு பெரிய இன்ஜினை அளவாக வேலை வாங்கியிருக்கிறார்கள், அதனால்தான் நின்று ஓடுகிறது. லோக்கலில் ஹாஃப் கிளச்சில் தேய்ந்த ஒரு லட்சத்தைவிட இது மேல்.

எனக்குப் பயம் அந்த 98 ஆயிரம் வண்டிதான். 2011 வண்டி இத்தனை வருஷத்தில் மாதம் அறுநூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை என்கிறார்கள். இன்னோவா வாங்குகிறவன் ஓட்டுவதற்குத்தான் வாங்குவான். டாக்டர் வீட்டு வண்டி, பேங்க் மேனேஜர் வண்டி, என்ஆர்ஐ வண்டி என்கிற கதையெல்லாம் எல்லாக் கன்சல்டிங்கிலும் ஓடும். மெய்யாகவே அப்படி ஒரு வண்டி இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை வண்டி சொல்ல வேண்டும், புரோக்கர் சொல்லக் கூடாது.

எப்படிச் சொல்லும் என்றால், சீட் கவர் புதுசு என்றீர்கள். அதைத் தூக்கி அடியில் டிரைவர் சீட்டின் வலது ஓர ஸ்பாஞ்சைப் பாருங்கள். ஏறி இறங்கி அந்த ஓரம்தான் முதலில் அமுங்கும். பிரேக், கிளச் பெடல் ரப்பர் புதுசாகப் போட்டிருந்தால், 98 ஆயிரத்துக்கு எதற்குப் புது ரப்பர் என்று கேளுங்கள். அப்புறம் பானெட்டைத் திறந்து இன்ஜினின் முன்பக்கம் டைமிங் பெல்ட் கவரைப் பாருங்கள். இந்த இன்ஜினில் செயின் இல்லை, பெல்ட்தான். நான் ஒரு லட்சத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவேன், ஒன்றரை லட்சம் வரை இழுக்கிறவர்களும் உண்டு. 98 ஆயிரத்தில் அந்தக் கவரை யாரும் கழற்றியிருக்க வேலையே இல்லை. கவர் போல்ட்டின் தலையில் ஸ்பானர் பட்டு பெயின்ட் உரிந்திருந்தால் விஷயம் வேறு. பெல்ட் மாற்றிய மெக்கானிக் வழக்கமாக அன்றைய கிலோமீட்டரை மார்க்கரில் எழுதி பானெட்டுக்குள் ஒட்டிவிடுவான். மீட்டரைக் குறைக்கிறவன் அந்தத் தாளைக் கிழிப்பான், பசையை முழுசாகத் துடைக்க மாட்டான். விரலால் தடவினால் தெரியும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. வண்டி நம்பரைக் கொடுத்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று கம்ப்யூட்டரில் இருக்கும். ஓனர் கூட வந்தால் எடுத்துக் காட்டுவார்கள். கன்சல்டிங்காரர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள். ஆர்சி விவரத்தில் முன்பு மோட்டார் கேப் அல்லது மேக்ஸி கேப் என்று இருந்து பிறகு ஓன் போர்டாக மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். டி போர்டில் ஓடியதே குற்றம் இல்லை, என் வண்டிகளும் அப்படிப் போனவைதான். அதை மறைத்து விற்பதுதான் தப்பு.

சென்னைப் பக்கத்து வண்டியாக இருந்தால் இன்னொன்று. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் ரெண்டிலும் மூழ்கிய வண்டிகள் ஊர் ஊராகப் போயிருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவிவிடுவார்கள், உள்ளே சுருண்டிருக்கும் கடைசி ஒரு முழத்தில் சேறு கோடு போட்டிருக்கும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி கடலோரத்தில் நின்ற வண்டி என்றால் குனிந்து சேஸிஸைப் பார்க்காமல் பேசவே கூடாது.

சரி, மண்டிக்காரர் வண்டிக்கு வருவோம். காலையில் போங்கள், முன்கூட்டியே ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். சூடேறாத பச்சை இன்ஜினில்தான் எல்லா நோயும் தெரியும். ஒரே சுற்றில் பிடிக்க வேண்டும். முதல் நிமிஷம் வரும் சத்தத்தைக் கேளுங்கள், பின்னால் ஒருவரை நிறுத்திப் புகையின் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கொஞ்சம் கருப்பு வந்தால் பரவாயில்லை. ஐட்லிங்கில் (வண்டி நின்றபடி ஓடும்போது) வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரில் கோளாறு. நீலம் என்றால் ஆயில் எரிகிறது, அங்கேயே விட்டுவிடலாம்.

ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி இருக்கும். கெட்டில் மாதிரி புஸ் புஸ் என்று அடித்தால் நல்லதில்லை. ரோட்டில் எண்பதில் போய் ஆக்சிலரேட்டரை விட்டால் பின்னாலிருந்து "ஊம்ம்" என்று இழுக்கும் சத்தம் வரக் கூடாது, வந்தால் பின் அச்சில் இருக்கும் கிரவுன் பல்சக்கர வேலை. நின்ற இடத்திலிருந்து முதல் கியரில் கிளம்பும்போது அடியில் "டங்" என்றால் பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் (இணைப்பு). வேகத்தடையில் முன்பக்கம் கடகடத்தால் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட். இந்த வயசில் அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம், விலையில் கழித்துக்கொள்ளலாம். ஏசியைப் பின் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள், எல்லோரும் முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

விலை பேசும்போது வண்டிக்கு எட்டு லட்சம் என்று நினைக்காதீர்கள். ஒரு லட்சத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், அது வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரச் செலவு. இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கிரவுன் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாம் மாற்ற வேண்டும். ஏர், டீசல், ஆயில் ஃபில்டர் மூன்றும். டைமிங் பெல்ட் எப்போது போட்டது என்று எழுத்தில் ஆதாரம் இல்லையென்றால் டென்ஷனரோடு புதுசு. "போன வருஷம்தான் மாற்றினேன்" என்று வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. ஓடும்போது அந்த பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து ஹெட்டைப் பிரிக்க வேண்டி வரும், செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

மாதச் செலவு கேட்டீர்கள். ஏசி போட்டு ஏழு பேரோடு லிட்டருக்குப் பதினொன்று, பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுக்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கு எண்பத்தைந்து, தொண்ணூறு லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் எட்டாயிரம் டீசலுக்கு. வண்டிக்கென்று மாதம் நாலாயிரம் தனியாகப் போட்டு வையுங்கள். எல்லா மாதமும் செலவாகாது, ஆகிற மாதம் மொத்தமாகக் கேட்கும். டயர் நாலும் மாற்றினால் (205/65 ஆர்15 அளவு) ஒரே தடவையில் பெரிய தொகை போகும். கிளச் செட்டும் அப்படித்தான்.

ஓட்டுவதில் என் பழக்கம் ரெண்டு மூன்று. பத்தாயிரம் வரை போகலாம் என்பார்கள், இந்த வயசு வண்டிக்கு நான் ஐயாயிரத்தில் ஆயில் மாற்றுகிறேன். ஆயில் மாற்றும்போதே அடியில் புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கு கிரீஸ் அடிக்கச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அடிக்க மாட்டார்கள். ஹைவேயில் விரட்டிவிட்டு வந்து உடனே சாவியைத் திருப்பக் கூடாது. டர்போ ஆற ஒரு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்கள். டீசல் கூட்டம் உள்ள பங்க்கில் போடுங்கள், ஃபில்டரில் தண்ணீர் லைட் எரிந்தால் அன்றே வடித்துவிடுங்கள். எங்களுக்குத் திம்பம் இருபத்தேழு கொண்டை ஊசி, உங்களுக்குக் கொடைக்கானல். ஏறின கியரிலேயே இறங்கணும். பின்னால் டிரம் பிரேக், ஏழு பேர் பாரம், பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் வத்தலக்குண்டு வருவதற்குள் கருகிய வாடை வரும்.

---

பம்ப்ரூம்_சங்ககிரி:

கோபி அண்ணன் சொன்னதில் இன்ஜெக்டர் பக்கம் மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அது எங்கள் பிழைப்பு.

இந்த இன்ஜினில் ஒவ்வொரு இன்ஜெக்டரும் ஹெட்டில் ஒரு செம்பு வாஷர் மேல் உட்கார்ந்திருக்கும். ரெண்டு ரூபாய் நாணயம் அளவுகூட இருக்காது. ரெண்டு லட்சம் தாண்டும்போது அது அமுங்கி, சிலிண்டர் கேஸ் மேலே வால்வு கவருக்குள் கசியத் தொடங்கும். அந்தக் கரி ஆயிலில் கலந்து ஆயிலைத் தார் மாதிரி ஆக்கும். தார் கீழே சம்ப்பில் (ஆயில் தொட்டியில்) இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலையை அடைக்கும். வலை அடைத்தால் ஆயில் மேலே ஏறாது, முதலில் டர்போ, அடுத்தது பேரிங். ஐம்பது ரூபாய் பொருளில் ஆரம்பித்து இன்ஜின் வேலையில் வந்து நிற்கும். ஆயில் மூடியில் அடிக்கும் ஆவியைப் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான். மூடியின் உள்பக்கம் விரல் வைத்துப் பாருங்கள். கருப்பாக இருப்பது சகஜம், கட்டியாகப் பிசுபிசுவென்று ஒட்டினால் வாஷர் கசிந்து நாளாகிறது.

ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். ஐட்லிங்கில் நாலு சிலிண்டருக்கும் இன்ஜெக்ஷன் ஃபீட்பேக் என்று நாலு எண் வரும். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் மூன்றைத் தாண்டிப் பிளஸ்ஸிலோ மைனஸிலோ நின்றால் அந்த இன்ஜெக்டரைக் கழற்றி பெஞ்சில் போட்டுப் பார்க்க வேண்டும். கழற்றினால் நாலுக்கும் புது வாஷர். பழைய வாஷரைத் திருப்பிப் போட்டு முறுக்குகிறவனிடம் வண்டி விடாதீர்கள்.

இன்னொன்று, ஐட்லிங்கில் ஆர்பிஎம் ஏறி இறங்கி ஆடினாலோ, சிக்னலில் நின்றால் ஆஃப் ஆனாலோ, பம்ப் போச்சு என்று பெரிய தொகை சொல்வார்கள். பம்ப்பில் எஸ்சிவி என்று ஒரு சின்ன வால்வு உட்கார்ந்திருக்கும். பல தடவை அதுதான் போயிருக்கும், அதை மட்டும் மாற்றினால் போதும்.

டீசலில் ஊற்றும் கிளீனர் பாட்டில், இன்ஜின் ஃபிளஷ் இதெல்லாம் பழைய வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன். ஃபிளஷ் ஊற்றினால் உள்ளே ஒட்டியிருந்த கரி மொத்தமும் பெயர்ந்து நேராக அந்த வலைக்குத்தான் போகும். சந்தேகம் இருந்தால் சம்ப்பை இறக்கிக் கையால் சுத்தம் பண்ணுங்கள்.

---

சிறுமலை_அடிவாரம்:

அண்ணன்மாருக்கு ரொம்ப நன்றி. ரெண்டு வண்டியையும் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

கன்சல்டிங் வண்டி: டைமிங் பெல்ட் கவர் போல்ட் மூன்றில் பெயின்ட் இல்லை. பானெட்டின் உள்பக்கம் உள்ளங்கை அளவுக்குச் சதுரமாகப் பசை. அதைக் கேட்டதும் கடைக்காரர் "அது கம்பெனி ஸ்டிக்கர் சார்" என்றார். சர்வீஸ் சென்டருக்குப் போகலாமா என்றதற்கு, ஓனர் வெளியூரில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டார். மச்சானும் கூட இருந்தார். வரும் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை.

ஒட்டன்சத்திரம் வண்டி: காலை ஆறரைக்குப் போனோம். பானெட் ஜில்லென்று இருந்தது. ஒரே சுற்றில் பிடித்தது. முதலில் "டக டக" என்று ஒரு தட்டல், ஒரு நிமிஷத்தில் அடங்கியது. வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. ஆயில் மூடியில் லேசான ஆவிதான், மூடி உள்ளே கருப்பு, பிசுபிசுப்பு இல்லை. ஸ்கேனரில் முதலாவது, ரெண்டாவது, நாலாவது சிலிண்டர் எண்கள் ஒன்றுக்குள் இருக்கின்றன. மூன்றாவது மட்டும் மைனஸ் 3.4. பெல்ட் ஸ்டிக்கர் பானெட்டில் அப்படியே இருக்கிறது, 1,98,000 என்று எழுதியிருக்கிறது, தேதி அழிந்துவிட்டது. கம்பெனி சர்வீஸ் பிரின்ட் எடுத்துக் கொடுத்தார், 1.8 லட்சம் வரை வரிசையாக ஒத்துப்போகிறது.

முன்பக்கம் ரெண்டு லோயர் ஆர்ம் புஷ்ஷும் போயிருக்கிறது. இடது பின் கதவு ரீபெயின்ட். மண்டி கேட்டில் இடித்தது என்று அவரே சொன்னார், நாங்கள் கேட்கவில்லை. கிரவுன் சத்தம் இல்லை. பின் ஏசி நன்றாக இருக்கிறது. அம்மாவைக் கூட்டிப் போய் உட்கார வைத்தேன். உட்கார்ந்தபின் சௌகரியம்தான், ஏறத்தான் உயரமாக இருக்கிறது என்கிறார்.

ஆறு நாற்பது வரை இறங்கியிருக்கிறார். ஆர்சியில் இன்னும் ஹெச்பி (பேங்க் லோன் அடமானப் பதிவு) இருக்கிறது. லோன் முடிந்து ரெண்டு வருஷம் ஆகிறதாம், எடுக்க நேரமில்லை என்கிறார். இது பிரச்சினையா?

---

பம்ப்ரூம்_சங்ககிரி:

மைனஸ் 3.4 என்றால் அந்த இன்ஜெக்டர் டீசலைக் கூடுதலாக விடுகிறது, இன்ஜின் கம்ப்யூட்டர் குறைத்துக்கொண்டிருக்கிறது. காலையில் கேட்ட தட்டலும் அதுதான். பயப்பட வேண்டாம், ஆனால் இப்படியே ஓட்டவும் வேண்டாம். நாலையும் கழற்றி டெஸ்ட் போட்டு, மூன்றாவதைச் சர்வீஸ் பண்ணியோ மாற்றியோ, நாலு வாஷரும் புதுசு. குறியீடு உள்ள இன்ஜெக்டரை மாற்றினால் புதிய குறியீட்டை ஸ்கேனரில் ஏற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் மாற்றியும் தட்டல் போகாது. காலையில் வண்டியை விட்டால் மறுநாள் மாலை எடுத்துப் போகலாம்.

---

டிராவல்ஸ்_கோபி:

தம்பி, வண்டி எடுக்கிற வண்டிதான். கேட் இடித்ததைக் கேட்காமலே சொன்னார் பாருங்கள், அவரிடம் பெல்ட் எந்த வருஷம் போட்டது என்று கேட்டால் மெக்கானிக்குக்குப் போன் போட்டுக் கொடுப்பார். மெக்கானிக்கிடம் நீங்களே பேசுங்கள். 1.98-இல் போட்டது என்றால் கிலோமீட்டர் கணக்கில் இன்னும் இடம் இருக்கிறது. ஆனால் ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தால் ரப்பருக்கு வயசாகிவிட்டது, மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது இன்ஜெக்டர், லோயர் ஆர்ம், பெல்ட் இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். வண்டியில் குறை சொல்கிற மாதிரிப் பேச வேண்டாம், மனுஷன் நல்ல மாதிரி தெரிகிறது. "அண்ணாச்சி, எடுத்த உடனே இவ்வளவு வேலை இருக்கிறது, ஆறு இருபதுக்குக் கொடுங்கள்" என்று கேட்டால் ஆறு கால், ஆறு முப்பதில் முடியும். அதற்கு மேலே கொடுக்க வேண்டாம். இதே வயசு வண்டி வேறு கிடைக்கும், அவசரம் இல்லை.

லோயர் ஆர்ம் ஜென்யூனாகவே போடுங்கள். டூப்ளிகேட் புஷ் பாதி விலைக்குக் கிடைக்கும், கொடைக்கானல் ரெண்டு தடவை போய் வந்தால் மறுபடி கடகடக்கும். ஏர் ஃபில்டர், வைப்பர் மாதிரிச் சாமான்களில் கை சிக்கனம் காட்டலாம். பெல்ட், பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்டதில் வேண்டாம்.

அம்மா ஏற ஃபுட்போர்டு போடுங்கள். பைப் டைப் வேண்டாம், மழையில் வழுக்கும். அகலமாக, மேலே ரப்பர் ஒட்டியது கிடைக்கும். சேஸிஸில் போல்ட் போட்டுப் பிடிக்கிறதாகப் பார்த்து வாங்குங்கள். பாடித் தகட்டில் துளை போட்டு மாட்டுகிறவன் கடைப் பக்கம் போகாதீர்கள், அந்தத் துளையில்தான் துரு ஆரம்பிக்கும்.

ஹெச்பி விஷயம் ஊர்சுற்றி சார் சொல்லட்டும், அவர் பேப்பரில் கெட்டி.

---

ஊர்சுற்றி:

எர்டிகா வேண்டாம் என்று முடிவாகிவிட்டது, சரி. பேப்பரையாவது ஒழுங்காகப் பாருங்கள்.

ஹெச்பி பெரிய பிரச்சினை இல்லை, ஆனால் அது போகாமல் உங்கள் பெயருக்கு ஆர்சி மாறாது. பேங்கில் என்ஓசியும் (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) கையெழுத்துப் போட்ட ஃபாரம் 35-ம் வாங்கி ஆர்டிஓவில் அவர்தான் எடுக்க வேண்டும். லோன் முடிந்து ரெண்டு வருஷம் என்றால் பேங்க் கொடுத்த பழைய என்ஓசிக்குக் காலாவதி தேதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள், போட்டிருந்தால் புதுசு கேட்டு வாங்க வேண்டும். அதுவரை அட்வான்ஸ் மட்டும் கொடுங்கள். முழுப் பணமும் கொடுத்துவிட்டால் அவருக்கு அவசரம் போய்விடும், மண்டி வேலை அப்படி.

பரிவாஹன் அரசு வெப்சைட்டில் நம்பர் போட்டு இ-சலான் பாக்கி, பிளாக்லிஸ்ட் ரெண்டையும் பார்த்துவிடுங்கள். ஊர் ஊராக அலைந்த வண்டி, எங்காவது ஸ்பீடு கேமராவில் மாட்டியிருக்கும். ஃபாரம் 29, 30-இல் அவர் கையெழுத்து, இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் இருப்பதும் ஆர்சியில் இருப்பதும் ஒன்றுதானா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வண்டி கைமாறிய பதினாலு நாளைக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். அவருடைய நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்வார்கள். ஃபாஸ்டேக்கை அவர் மூடிவிட்டு நீங்கள் புதுசு எடுங்கள்.

மார்ச் 2027 புதுப்பித்தலை மறக்க வேண்டாம். கதவு ரீபெயின்ட், லோயர் ஆர்ம் எல்லாம் இப்போதே சரி செய்துவிட்டால் எஃப்சிக்குத் தனியாக அலைய வேண்டியதில்லை.

---

சிறுமலை_அடிவாரம்:

ஆறு இருபத்தைந்துக்கு முடித்துவிட்டோம். பெல்ட் 2020-இல் போட்டதாம், மெக்கானிக்கிடம் பேசினேன், மாற்றிவிடச் சொல்லிவிட்டேன். ஐம்பதாயிரம் அட்வான்ஸ், மீதி ஹெச்பி எடுத்த பிறகு என்று வெள்ளைத்தாளில் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். சலான் ரெண்டு இருந்தது, ரெண்டும் ஓசூர் ரோடு. அவரே கட்டிவிட்டார்.

பம்ப்ரூம் அண்ணா, வண்டி கைக்கு வந்ததும் சங்ககிரிக்கே கொண்டு வரட்டுமா, இல்லை மூன்றாவது இன்ஜெக்டரோடு அவ்வளவு தூரம் ஓட்டக் கூடாதா?

---

பம்ப்ரூம்_சங்ககிரி:

தாராளமாக ஓட்டி வரலாம். எண்பதுக்கு மேல் விரட்ட வேண்டாம், கிளம்பும் முன் டிப்ஸ்டிக் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயில் மட்டம் கோட்டுக்கு மேலே ஏறியிருந்து டீசல் வாடை அடித்தால் மட்டும் கிளம்பாமல் போன் பண்ணுங்கள். முந்தின நாள் மாலையே வந்து விட்டுவிடுங்கள், காலையில் பச்சை இன்ஜினில் நானே ஒரு தடவை சத்தம் கேட்க வேண்டும்.